பால்வாடிக்கு நாமும் போவோம்!

பால்வாடி என்றதும் ஜனங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சத்துமாவு, கலவை சாதம், முட்டை, அப்புறம் ஒரு குட்டித் தூக்கம். அவ்வளவுதான்! அங்கே ஒரு படிப்பும் நடக்க வேண்டும், அதற்கென்று ஒரு டீச்சர் இருக்கிறார் என்று நினைப்பவர்கள் குறைவு. பிள்ளையை வாசலில் விடுவதும், சாயந்திரம் கூட்டி வருவதும்தான் தாயின் வேலை என்று ஆகிவிட்டது. கையில் கொஞ்சம் காசு புரண்டால் அதுவும் இல்லை. மூன்று வயதிலேயே டை கட்டி, வேனில் ஏற்றி, டவுன் நர்சரிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இதைப் பற்றித்தான் சகோதரிகளோடு மனம்விட்டுப் பேச ஆசைப்படுகிறேன்.

எங்கள் ஊர் நிலக்கோட்டை பக்கம். பூக்காடுகள் நிறைந்த பூமி. விடியும் முன்பே பெண்கள் மல்லிகை பறிக்கப் போய்விடுவார்கள். வெயில் ஏறிய பிறகுதான் வீடு திரும்ப முடியும். இந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பகலெல்லாம் தாய்மடி பால்வாடிதான். ஒரு காலத்தில் 30 பிள்ளைகள் இருந்த எங்கள் மையத்தில் போன வருஷம் மிஞ்சியது 11 பேர். வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனால், மிச்சம் இருப்பது அதட்டிக் கேட்க ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைகள். அந்தக் கட்டடத்து ஓடு உடைந்தால் யார் கேட்பது? ஆள் குறைகிறது என்று பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டால், அந்தப் பிஞ்சுகள் மெயின் ரோட்டைத் தாண்டி எப்படிப் போகும்?

நர்சரியில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? என் தங்கை மகன் டவுனில் ஒரு நர்சரிக்குப் போகிறான். வருஷத்துக்கு 20 ஆயிரம் ஃபீஸ். மூன்றரை வயதுக் குழந்தைக்கு தினம் 2 பக்கம் ஹோம்வொர்க்! பென்சிலைச் சரியாகப் பிடிக்கவே விரலில் இன்னும் பலம் வரவில்லை. ராத்திரி தூக்கத்தில்கூட "மிஸ் அடிப்பாங்க" என்று புலம்புகிறானாம். இந்த வயசில் பாட்டும் கதையும் மண்ணும் தண்ணியும்தான் படிப்பு. அதைத்தான் பால்வாடியில் தரச் சொல்லியிருக்கிறார்கள். நம் அங்கன்வாடிகளுக்கு என்றே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று ஒரு பாடத்திட்டம் இருக்கிறது, தெரியுமா? மாதம் ஒரு தலைப்பு எடுத்து, பாட்டு, கதை, விளையாட்டு என்று போகும்.

அங்கன்வாடி சோறு போடுவதற்காக மட்டும் வந்ததில்லை. விவசாய விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனின் மனைவி மீனா சுவாமிநாதன் தலைமையில் ஒரு குழு, 1972-ல் மத்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. சின்னப் பிள்ளைகளுக்கு சாப்பாடு, உடல்நலம், படிப்பு மூன்றும் சேர்ந்தே கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அதன் பிறகு 1975 அக்டோபர் 2-ம் தேதி, நாடு முழுவதும் 33 இடங்களில் இந்தத் திட்டம் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 54 ஆயிரம் மையங்கள் இருக்கின்றன.

தாய்மார்கள் கை கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளியூர் போக வேண்டாம். 1980-ல் பக்கத்து மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில்தான் உலக வங்கி உதவியோடு டி.ஐ.என்.பி. என்ற சத்துணவுத் திட்டம் ஆரம்பமானது. மாதா மாதம் பிள்ளைகளை எடை பார்ப்பார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு சத்து உருண்டை. அதோடு விடாமல், ஊர் ஊருக்குப் பெண்கள் குழுக்களும் அமைத்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்களே தாய்மார்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். ரொம்பவும் நோஞ்சானாக இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. ஊர்ப் பெண்கள் துணை நின்றதற்கும் அதில் பங்கு உண்டு.

இனி அந்த டீச்சரின் பக்கத்தையும் பார்க்க வேண்டாமா? காலையில் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும். எடை, உயரம் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளின் கணக்கு, தடுப்பூசிக் கணக்கு, வீடு வீடாகப் போவது எல்லாம் அவர் தலையில்தான். 2021 முதல் போனில் 'போஷன் டிராக்கர்' செயலியில் ஏற்றுகிற வேலை வேறு. தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலும் பலருக்கு வந்து சேரும். இதற்கு நடுவில் பாட்டு எப்போது சொல்லித் தருவது? ஆயாம்மா பணியிடம் காலி என்றால் சமையலும் அவர்தான்!

இத்தனைக்கும் இவர்களுக்குத் தருவது சம்பளம் இல்லையாம், 'மதிப்பூதியம்'. அதாவது மனசு வந்து செய்கிற சேவையாம். 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், அங்கன்வாடி டீச்சருக்கும் உதவியாளருக்கும் 1972-ம் வருஷத்து பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. பிள்ளை வளர்ப்பது உழைப்பு இல்லை, சும்மா ஒரு பாசம் என்று நினைக்கும் உலகத்துக்கு அது நல்ல பதில். வீட்டில் இருக்கும் நமக்கும் அந்த வலி தெரியும்தானே? "வீட்ல சும்மாதானே இருக்கே" என்ற பேச்சை எத்தனை தடவை கேட்டிருப்போம்!

பயிற்சி விஷயமும் அப்படித்தான். பத்தாவது படித்து வேலைக்கு வந்த டீச்சர்கள் நிறைய பேர். 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையில், பிளஸ் டூ படித்த அங்கன்வாடி டீச்சருக்கு 6 மாத சான்றிதழ் படிப்பும், அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஒரு வருஷ டிப்ளமோவும் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கொள்கையை நம் மாநிலம் எதிர்க்கிறது. அந்த அரசியல் எனக்கு வேண்டாம். ஆனால் வேலையை விடாமலே டீச்சர் மேலே படிக்க வழி செய்வது யார் செய்தாலும் நல்லதே. ஆபீஸ் ஹாலில் உட்கார வைத்து ரெண்டு நாள் பிரசங்கம் செய்தால் மட்டும் போதாது. பிள்ளைகள் நடுவில் இருக்கும்போதே, தெரிந்தவர் ஒருவர் கூட நின்று சொல்லித் தர வேண்டும்.

நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். போன வருஷம் எங்கள் சுய உதவிக் குழுவில் 5 பேர் பேசி முடிவெடுத்தோம். ஆளுக்கு ஒரு நாள், காலையில் ஒரு மணி நேரம் பால்வாடியில் போய் உட்காருவது என்று. முதலில் டீச்சருக்குப் பிடிக்கவில்லை. கண்காணிக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். ரெண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாங்கள் பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்து, கை கழுவி விட்டு, பாயை மடித்து வைத்தோம். மெல்ல அவருக்குப் புரிந்தது. "இந்த ஒரு மணி நேரம் கெடச்சா, நான் நிம்மதியா பாட்டுச் சொல்லித் தருவேன்" என்றார்.

என் மாமியார், "சம்பளம் வாங்குறது அவ, பொழப்பை விட்டுட்டு நீ ஏன் போற?" என்று சத்தம் போட்டார். ஒரு நாள் அவரையும் கூட்டிப் போனேன். பாட்டி வடை சுட்ட கதையைக் காக்கா மாதிரிக் கத்திச் சொன்னார் பாருங்கள், அதுவரை வாயே திறக்காத ஒரு பிள்ளை "கா... கா..." என்று கூடவே கத்தியது! இப்போது என்னைவிட அவர்தான் சீக்கிரம் கிளம்புகிறார். டவுனுக்குப் போன பிள்ளைகளில் 3 பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். பெரிய கணக்கு இல்லைதான். ஆனாலும் எங்களுக்கு அது பெரிசு.

நமக்கு அங்கே போக என்ன உரிமை என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள். ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் ஒரு கண்காணிப்பு, உதவிக் குழு இருக்க வேண்டும், அதில் பிள்ளைகளின் பெற்றோரும் மகளிர் மன்றத்தாரும் இடம்பெற வேண்டும் என்று 2011-லேயே மத்திய அரசு வழிகாட்டுதல் அனுப்பியிருக்கிறது. உங்கள் ஊரில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? கேட்டுப் பாருங்கள். பேர் மட்டும் நோட்டில் இருந்தால், நீங்கள் போய் உட்காருங்கள்.

இன்னொன்று. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. தெருவிளக்கு, சாக்கடை பற்றி மட்டுமே ஆண்கள் பேசுவார்கள். நாம் எழுந்து, "ஆயாம்மா பணியிடம் ஏன் காலி? எங்க டீச்சருக்கு எப்போ பயிற்சி? மற்ற வேலையைக் குறைச்சு, பிள்ளைகளோட இருக்க விடுங்க" என்று கேட்போம். டீச்சர் தனியாகக் கேட்டால் அது அவரோட குறை. 20 தாய்மார்கள் சேர்ந்து கேட்டால் அது ஊர்க் கோரிக்கை.

அரசாங்கம் செய்ய வேண்டியதை நம் தலையில் கட்டுவதா என்று சிலர் கேட்கலாம். நியாயம்தான். ஊதியமும் பயிற்சியும் கட்டடமும் அரசாங்கத்தின் பொறுப்பு, அதை விட்டுத்தரக் கூடாது. ஆனால் நாம் எட்டிப் பார்க்காத இடத்தை எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்கமாட்டார். தாயும் டீச்சரும் ஒரே பாயில் உட்கார்ந்தால்தான் அந்தப் பிள்ளை நிமிரும்.

வாரத்தில் ஒரு மணி நேரம். ஒரு சீரியல் பார்க்கிற நேரம்தான். என்ன சகோதரிகளே, கிளம்பலாமா?

- ஓர் இல்லத்தரசி, நிலக்கோட்டை வட்டாரம், திண்டுக்கல் மாவட்டம்.