பாயும் குட்டியும் பதறும் மனமும்



இரண்டு மாதங்களுக்கு முன் என் பேத்தி ஒரு பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். திகன நகரில், கடையோரம் அட்டைப்பெட்டியில் கிடந்ததாம். பிறந்து ஐந்து வாரம்கூட இருக்காது. மீனும் சோறும் பிசைந்து கொடுத்தோம். உடம்பு தேறியதும் தொடங்கியது தொல்லை. கையை நீட்டினால் கடி, நடந்தால் காலில் பாய்ச்சல்.

ஒருநாள் மாலை மின்சாரம் நின்றுவிட்டது. குசினிக்குள் நுழைந்தபோது எதுவோ என் காலைக் கவ்வியது. எங்களைப் போன்றவர்களுக்கு இருட்டில் அது பூனையென்று உடனே தோன்றாது. இடம்பெயர்ந்து ஓடிய இரவுகள் இன்னும் உடம்பில் இருக்கின்றன. 2018 மார்ச்சில் இதே திகனவில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, ஊரடங்கில் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த பயமும் அதோடு சேர்ந்துவிட்டது. கையிலிருந்த விளக்குமாற்றால் அடித்துவிட்டேன். குட்டி கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டது. பேத்தி என்னோடு கதைக்கவேயில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு ராத்தாவிடம் சொன்னேன். பல வருடமாகப் பூனை வளர்ப்பவர். "அது கோவத்துல கடிக்கல்ல அக்கா, வெளயாடுது. தாயும் கூடப்பொறந்ததுகளும் இல்லாம வளருது. அதுக்கு யாரு சொல்லிக் குடுப்பா?" என்றார்.

உண்மைதான். பதுங்குவது, பாய்வது, கடிப்பது எல்லாம் இரை பிடிப்பதற்கான பயிற்சி. கூடப்பிறந்த குட்டியை அழுத்திக் கடித்தால் அது கத்தும், விளையாட்டை நிறுத்தும். தாயும் கண்டிக்கும். இப்படித்தான் மெதுவாகக் கடிக்கப் பழகுகின்றன. எட்டு வாரத்துக்கு முன்பே பிரிந்த குட்டிக்கு இந்தப் பாடம் முழுதாகக் கிடைப்பதில்லை. அதை நாங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நாங்கள் செய்தது இதுதான்:

கையையும் காலையும் விளையாட்டுப் பொருளாக்குவதை வீட்டில் எல்லோரும் நிறுத்தினோம். ஒருவர் அனுமதித்து மற்றவர் தடுத்தால் குட்டி குழம்பிப்போகும்.

நீண்ட குச்சியில் துணித்துண்டைக் கட்டி, தரையில் எலி ஓடுவதுபோல் இழுத்தோம். காலையிலும் மாலையிலும் பத்துப் பத்து நிமிடம். இடையிடையே பிடிக்கவும் விட்டோம். விளையாடி முடிந்ததும் சாப்பாடு. வேட்டையாடி, தின்று, நக்கித் துடைத்துத் தூங்குவதுதான் பூனையின் இயல்பு. நூல், கயிறை விழுங்கினால் குடலில் சிக்கும் என்பதால் பிறகு எடுத்து வைத்துவிடுவோம்.

கடித்தால் கையை வெடுக்கென்று இழுப்பதில்லை. இழுத்தால் இரை ஓடுகிறதென்று இன்னும் பலமாகப் பிடிக்கும். அசையாமல் நின்று, பிடி தளர்ந்ததும் பேசாமல் எழுந்து போய்விடுவோம். கடித்தால் விளையாட்டு முடிந்தது என்று அதற்கே விளங்கிவிடும்.

அடித்தால் கடி நிற்காது, பயம்தான் வளரும். காதை மடக்கி, மயிரைச் சிலிர்த்துச் சீறினால் அது விளையாட்டல்ல, பயம். அப்போது தொடாமல் விலகிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். விசர்நோய் நாயால் மட்டுமல்ல, பூனையாலும் பரவும். கடித்தோ கீறியோ தோல் கிழிந்தால், ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். தடுப்பூசி தேவையா என்று வைத்தியர் சொல்வார். அங்கே அது இலவசம். மஞ்சளோ சுண்ணாம்போ பூசிவிட்டு இருக்காதீர்கள். குட்டிக்கும் ஊசி போடுங்கள். நாங்கள் மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்ப் போட்டோம்.

இப்போது கடி வெகுவாகக் குறைந்துவிட்டது. நான் விளக்குமாற்றை எடுத்தால் மட்டும் இன்னும் ஓடி ஒளிகிறது. அதைப் பார்க்கும்போது மனம் வலிக்கும். பயம் உடம்பில் தங்கிவிடுவது எனக்குத் தெரியாததா? அதனால் கூட்டும்போது முதலில் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டே கூட்டுகிறேன். நேற்று ஓடவில்லை, வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் சந்திப்போம்.