ஃபிஷ்ஐ வாங்கும் முன்



கேமராவோடு வந்த 18-55 லென்ஸில் ஓரிரு வருடம் பழகிவிட்டு, அடுத்து என்ன வாங்கலாம் என்று யோசிப்பவர்கள் எழுதும் கடிதங்களில் ஃபிஷ்ஐ லென்ஸைப் பற்றிய கேள்வி அடிக்கடி வருகிறது. காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். கல்யாண மண்டபம் முழுவதும் ஒரே படத்தில் வர வேண்டும். மலை உச்சியில் நின்றால் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் படத்திலும் இருக்க வேண்டும்.

அதற்காக என்றால் வாங்க வேண்டாம். ஃபிஷ்ஐ 180 டிகிரிக் காட்சியையும் ஒரு படத்துக்குள் அடக்கும்போது எல்லாமே சிறுத்துப்போகிறது. எதிரே கம்பீரமாக நிற்கும் மலை படத்தில் மெல்லிய கோடாகிவிடும். மிச்சமெல்லாம் வானமும் தரையும்தான்.

ஃபிஷ்ஐ, கிட்டப் போவதற்கான லென்ஸ். நிக்கானின் 10.5 மி.மீ. லென்ஸ் 14 செ.மீ. தூரத்தில் இருப்பதையும் ஃபோகஸ் செய்யும். அந்தத் தூரம் சென்சாரிலிருந்து அளக்கப்படுவது. அப்படியென்றால் எதிரே உள்ள பொருள் ஏறக்குறைய கண்ணாடியின் மேலேயே இருக்கும். பூக்கட்டும் விரல்களைப் படத்தின் முன்னால் பெரிதாக நிறுத்தி, அந்த அம்மா உட்கார்ந்திருக்கும் தெருவையும், எதிர்க்கடையையும், மேலே வானத்தையும் அதே படத்தில் காட்ட முடிவது இதில்தான். கடலுக்கடியில் படமெடுப்பவர்கள் டொக்கினா 10-17 மி.மீ. லென்ஸை இத்தனை காலம் கொண்டாடுவதும் இதனால்தான். கலங்கிய நீரில் எவ்வளவு நெருங்குகிறோமோ அவ்வளவு தெளிவு.

ஃபிஷ்ஐ பிறந்தது கலைக்காக அல்ல. தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளி உலகம் எப்படித் தெரியும் என்று அறிய, அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1906-இல் தண்ணீரைக் கொண்டே படமெடுத்துப் பார்த்தார். 1924-இல் இங்கிலாந்தின் ராபின் ஹில் உருவாக்கிய லென்ஸ், முழு வானத்தின் மேகங்களையும் ஒரே படத்தில் பதிவதற்கானது. காட்டு மரங்களின் கிளைக்கூரை எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறது என்று அளப்பவர்கள் இன்றும் ஃபிஷ்ஐயை வானம் பார்க்க வைத்துத்தான் படமெடுக்கிறார்கள்.

தேர்வுக்கு வருவோம். விலையைப் பார்க்கும் முன் உங்கள் கேமராவின் சென்சாரைப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 8 மி.மீ. ஃபிஷ்ஐ மாட்டினால் கறுப்புச் சட்டத்துக்கு நடுவே வட்டமான படம் கிடைக்கும். 15 அல்லது 16 மி.மீ. என்றால் படம் சட்டம் முழுவதையும் நிரப்பும். மூலைக்கு மூலை 180 டிகிரி. நம் வாசகர்களில் பலர் வைத்திருப்பது சிறிய ஏபிஎஸ்-சி சென்சார். அதில் அந்த 15 மி.மீ. லென்ஸை மாட்டினால் ஓரங்கள் வெட்டுப்பட்டு, வளைவும் விரிவும் பெருமளவு போய்விடும். பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதென்று பலர் ஏமாறும் இடம் இது. ஏபிஎஸ்-சிக்கென்றே செய்த 8 முதல் 10.5 மி.மீ. லென்ஸ்தான் சரி. வட்டப்படம் முதலில் மயக்கும், சீக்கிரமே சலித்தும் விடும். சட்டம் நிரப்பும் வகையையே நான் பரிந்துரைப்பேன்.

ஏபிஎஸ்-சி வைத்திருப்பவர்களுக்கு என் முதல் தேர்வு சாம்யாங் 8 மி.மீ. ஓரத்தில் நிற்பவர்களின் முகம் இதில் மற்றவற்றைப் போல நசுங்குவதில்லை. ஆட்டோஃபோகஸ் கிடையாது. அதற்காகத் தயங்காதீர்கள். எஃப்/8-இல் வைத்து 40 செ.மீ.யில் ஃபோகஸை நிறுத்தினால், சுமார் 20 செ.மீ.யிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். பிறகு ஃபோகஸ் வளையத்தைத் தொடவே வேண்டியதில்லை. நிக்கான் 10.5 லென்ஸுக்குள் மோட்டார் இல்லாததால் டி3000, டி5000 வரிசை கேமராக்களில் ஆட்டோஃபோகஸ் ஆகாது. மேலே சொன்ன வழி அங்கும் கைகொடுக்கும், ஆனால் ஃபோகஸை 40 செ.மீ.யில் அல்ல, சுமார் 70 செ.மீ.யில் நிறுத்த வேண்டும். கேனனின் 8-15 ஜூம், ஃபுல் ஃபிரேமில் வட்டம், முழுச்சட்டம் இரண்டையும் தரும். அருமையான லென்ஸ். ஆனால் படமெடுத்துச் சம்பாதிப்பவர்களுக்குத்தான் அந்த விலை கட்டுப்படியாகும்.

கேமரா உலகம் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால் டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கின்றன. வாங்கும்போது முன்கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அது வெளியே புடைத்து நிற்பதால் முன்னால் ஃபில்டர் போட்டுக் காக்க வழியில்லை. கீறல் சுலபமாக விழும். டார்ச் அடித்து உள்ளேயும் பாருங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்த லென்ஸ்கள் நிறைய.

படமெடுக்கும்போது, நடுவழியாகப் போகும் கோடு மட்டும் நேராக இருக்கும் என்பது நினைவிருக்கட்டும். அடிவானத்தைச் சரியாக நடுவில் வைத்தால் அது வளையாது. கேமராவைக் கீழே சாய்த்தால் மேல்நோக்கி வில்லாகும், மேலே தூக்கினால் தொய்யும். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் குவிமாடத்தின் கீழ் நின்று நேர் மேலே பார்த்து எடுத்துப் பாருங்கள். சுற்றியுள்ள தூண்களும் வளைவுகளும் நடுவை நோக்கிச் சாய்ந்து கூடும். கேமராவைக் கீழே சாய்த்து எடுக்கும்போது உங்கள் செருப்பும் டிரைபாட் காலும் படத்துக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஊர்களில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு சனி, ஞாயிறு எடுத்து, வீட்டு வாசலிலும் சந்தையிலும் ஒரு முழத்துக்குள் நெருங்கியே எடுத்துப் பாருங்கள். அந்தப் படங்கள் பிடித்திருந்தால் வாங்குங்கள். எடுத்ததில் நல்லதை எங்களுக்கும் அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்