துண்டு இருக்க, தொப்பி எதுக்கு?

பழநிக்குப் பாதயாத்திரை கிளம்புகிறவர்கள் என்னிடம் வந்து, "கால்வலிக்குத் தைலம் குடுங்க டாக்டர்" என்பார்கள். கொடுத்துவிட்டு, "துண்டு எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்பேன். "தொப்பி இருக்கே!" என்று சிரிப்பார்கள்.

தொப்பி தலையோடு சரி. பருத்தித் துண்டு அப்படியா? நனைத்து முண்டாசு கட்டினால், ஈரம் காயக்காய உச்சிச் சூடு தணியும். சுருட்டினால் சும்மாடு. கை பிசகினால் கழுத்தில் தொட்டில் கட்டலாம். வழியில் சமைக்கிறீர்களா? பாத்திரம் இறக்கும் பிடிதுணியும் அதுவே. ஆனால் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்துணியில் சூடு சட்டென ஏறி, கை வெந்துவிடும்.

தண்ணீரும் வடிகட்டலாம். வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்து வடிகட்டியபோது, காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இந்த ஆய்வு 2003ல் வெளியானது. காலராக் கிருமிகள் நீரிலுள்ள நுண்ணுயிரிகள்மேல் ஒட்டியிருக்கும். அவை துணியில் சிக்கிவிடும். துவைத்துத் துவைத்து நூல் பிரிந்த பழைய துணிதான் இதற்கு நல்லது.

அதற்காக வடிகட்டியதை அப்படியே குடிச்சிடாதீங்க! மாணவனாக மூலிகை பார்க்க மலையேறியபோது நான் அப்படித்தான் குடித்தேன். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு! துணியில் சிக்காத கிருமிகள் நிறைய உண்டு. வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு, ஆறவைத்துக் குடியுங்கள்.

இன்னொன்று: தலை வியர்வை பட்ட துண்டில் வடிகட்டாதீர்கள். பையில் இரண்டு துண்டு இருக்கட்டும். ஒன்று தலைக்கு, ஒன்று தண்ணீருக்கு. பாரமா என்ன?