எப்படி நடந்தது என்று சொல்லுங்கள்



2025 மே 9, வெள்ளிக்கிழமை. 2009 போரில் இறந்தோரை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் கஞ்சி வாரம் தொடங்க மூன்று நாள் இருக்கையில் மாதுறு ஓயாச் செய்தி வந்தது. இராணுவ விசேட படையினரின் பயிற்சி நிறைவு அணிவகுப்பில் பறந்த விமானப்படையின் பெல் 212 ஹெலிகொப்டர் நீர்த்தேக்கத்தில் விழுந்துவிட்டது. ஏறியிருந்த 12 பேரில் ஆறு பேர் இறந்துபோனார்கள். நாலு பேர் விசேட படை, இரண்டு பேர் விமானப்படை.

படைக்காரரின் விபத்தை ஏன் இந்தப் பக்கத்தில் எழுதுகிறீர்கள் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கெலிச் சத்தம் எங்களுக்கு என்ன என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009இல் இந்த முல்லைத்தீவுக் கரையோரத்தில் பங்கருக்குள் கிடந்த பிள்ளைகள் இன்று தாய் தகப்பன் ஆகிவிட்டார்கள். இப்போதும் வட்டுவாகல் பக்கம் ஒரு கெலி தாழப் பறந்தால், முற்றம் கூட்டுகிற அம்மா விளக்குமாற்றை நிறுத்தி, சத்தம் எந்தத் திசைக்குப் போகிறது என்று பார்த்த பிறகுதான் மறுபடி குனிகிறார்.

ஆனாலும் அந்த ஆறு பேரும் தாய் பெற்ற பிள்ளைகள். பிள்ளையைப் பறிகொடுத்த வீடு எப்படியிருக்கும் என்று இந்த ஊருக்குத் தெரியும். அவர்களுக்காக நான் மனதார அழுகிறேன்.

விமானமோ ஹெலிகொப்டரோ, பறக்கப் பழகுவது இலேசான காரியமல்ல. அதே ஆண்டு மார்ச் 21இல் வாரியப்பொலவில் விமானப்படையின் கே-8 பயிற்சி விமானம் விழுந்தது. பயிற்றுநரும் மாணவரும் பரசூட்டில் வெளியேறி உயிர்தப்பினார்கள். ஹெலிகொப்டரில் வழமையாக அந்த வழி கிடையாது. இயந்திரம் நின்றால் விமானி இடக்கைப் பிடியை அந்தக் கணமே கீழே இறக்கவேண்டும். இறக்கினால், கீழிருந்து ஏறும் காற்றே விசிறியைச் சுழற்றும். நிலத்தை நெருங்கியதும் பிடியை உயர்த்தி, அந்தச் சுழற்சியில் மிச்சமிருக்கும் வலுவைக்கொண்டு மெல்ல இறங்கலாம். இதைப் புத்தகத்தில் படித்துப் பழக முடியாது. வானத்தில் செய்துதான் பழகவேண்டும். பக்கத்து இருக்கையில் இருக்கும் பயிற்றுநர் மாணவனைப் பிழை விடவும் விடவேண்டும், பிழை மிஞ்சமுன் பிடியைத் தன் கைக்கு வாங்கவும் வேண்டும். தாழப் பறக்கும்போது அதற்கெல்லாம் நேரம் கிடைப்பது அரிது.

ஆகவேதான் ஒவ்வொரு விபத்தின் காரணமும் அடுத்த மாணவனுக்குப் பாடமாகப் போய்ச்சேர வேண்டும் என்கிறேன். சிகாகோ உடன்படிக்கையின் 13ஆவது இணைப்பு, விசாரணையின் நோக்கம் பழிசுமத்துவதல்ல, இன்னொரு விபத்தைத் தடுப்பதே என்கிறது; இறுதி அறிக்கையை இயன்றால் 12 மாதத்துக்குள் வெளியிடவும் சொல்கிறது. அது சிவில் விமானங்களுக்கானது. படை விமானங்களைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தாவிட்டாலும் படை அதே ஒழுங்கைத் தானாக ஏற்கவேண்டும். மாதுறு ஓயாவுக்கு விமானப்படை விசாரணைக் குழு அமைத்தது. அதற்குப் பிறகும், அதே ஆண்டு நவம்பர் 30இல், டித்வா புயல் நிவாரணத்துக்குப் பறந்த இன்னொரு பெல் 212 வென்னப்புவவுக்குக் கிட்ட விழுந்து, விமானி இறந்தார். வெள்ளத்தில் தவித்த சனத்துக்காகப் போன உயிர் அது.

எப்படி நடந்தது என்ற கேள்வி இங்கே புதிதல்ல. முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 மார்ச் 8 முதல் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: என் பிள்ளைக்கு என்ன நடந்தது? விபத்தில் இறந்தவரின் கதையும் படையிடம் கையளிக்கப்பட்டுத் திரும்பாதவரின் கதையும் ஒன்றல்ல. அப்படிச் சொன்னால் எங்கள் தாய்மாருக்கு அநியாயம் செய்தவனாவேன். ஆனால் இருவருக்கும் பதில் சொல்லவேண்டியது ஒரே அரசுதான். உண்மையை மூடிவைக்கப் பழகிய அரசு தன் படையினரின் வீட்டுக்கும் அதை மூடித்தான் வைக்கும்.

அந்தப் பதிலைக் கேட்க ஒரு வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்த நாட்டின் எந்தப் பிரசைக்கும் பொது. கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். மாதுறு ஓயா விசாரணை அறிக்கையையும், 2009 மே மாதம் வட்டுவாகலில் படையிடம் கையளிக்கப்பட்டோரின் பெயர்ப் பட்டியலையும் கேட்டு எழுதுங்கள். வருகிற பதில் எதுவானாலும் எங்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். இந்தப் பக்கத்திலேயே வெளியிடுவோம்.