லாஃப்டில் கிடக்கும் யூரோகிளீன்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பக்கத்துப் பழைய அடுக்குமாடி வீடுகளில் லாஃப்டைத் திறந்தால், பித்தளை அண்டாவுக்கும் கொலுப்படிப் பலகைக்கும் நடுவே ஒரு வேக்குவம் கிளீனர் கிடக்க வாய்ப்பு உண்டு. படுத்த வசத்தில் உருளை உடம்பு, ஒரு முனையில் நெளிநெளியான குழாய். பெரும்பாலும் அது யூரோகிளீனாக இருக்கும். ஓடுமா என்று பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. பேப்பர்காரர் எடைக்குக் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்கக் கூடாது. 1980களில் மெட்ராஸ் நடுத்தரக் குடும்பம் எப்படி வாழ ஆசைப்பட்டது என்பதற்கு இவ்வளவு நேரடியான சாட்சி குறைவு.

1982இல் டாடா குழுமத்தின் கீழிருந்த ஃபோர்ப்ஸும் சுவீடனின் எலக்ட்ரோலக்ஸும் கைகோத்து, யூரோகிளீனை விற்ற யுரேகா ஃபோர்ப்ஸைத் தொடங்கின. அப்போது இந்த ஊரில் மின்சாதனம் வாங்குவது என்றால் கடைக்குப் போவதுதான். மயிலாப்பூரில் 1965இல் தொடங்கிய விவேக்ஸ் இருந்தது. 1978இல் வந்த வசந்த் அண்ட் கோ தவணைக்குக் கொடுத்தது. யுரேகா ஃபோர்ப்ஸோ கடையை நம்பவில்லை. டை கட்டிய இளைஞர்களைப் பெட்டியோடு வீடு வீடாக அனுப்பியது. வந்தவர் முதலில் விலை பேச மாட்டார். குழாயில் ஒரு துணியை வைத்து மெத்தையை உறிஞ்சிக் காட்டுவார். துணியில் அழுக்கு அப்பியிருக்கும். நேற்றுவரை சுத்தம் என்று நினைத்துப் படுத்த மெத்தை அது. அதற்குப் பிறகு பேச்சு அவர் பக்கம்தான்.

இந்த உத்தியும் இயந்திரமும் ஒரே நேரத்தில் பிறந்தவை. 1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், தூசியை உறிஞ்சி எடுக்கும் தன் யோசனை பலிக்குமா என்று பார்க்க, நாற்காலியின் மேல் கைக்குட்டையை விரித்து, வாயால் காற்றை உறிஞ்சினார். கைக்குட்டையின் அடிப்புறம் தூசி படிந்தது. அவர் செய்த இயந்திரம் குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும் அளவுக்குப் பெரியது. அதை வீட்டுக்குள் இழுத்துப் போகும்படி ஆக்கியவர்களில் முக்கியமானவர் எலக்ட்ரோலக்ஸின் ஆக்செல் வென்னர்-கிரென். 1921இல் வந்த அதன் ஐந்தாம் மாடல் தரையில் படுத்து, சறுக்குச் சட்டத்தின் மேல் பின்னாலேயே வரும். சென்னை லாஃப்டுகளில் இன்று கிடக்கும் உருளைகள் அந்த வம்சம்தான்.

ஆனால் அது குளிர்நாட்டு வீடுகளின் தரைவிரிப்புக்காகப் பிறந்த இயந்திரம். மெட்ராஸ் வீடுகளில் இருந்ததோ ரெட் ஆக்சைடு தரையும் மொசைக்கும். பூந்துடைப்பத்தால் பெருக்கி, ஈரத் துணியால் துடைத்தால் முடிந்துபோகிற வேலை. அதனால் இந்த இயந்திரம் இங்கே வேறு வேலைகளைப் பிடித்துக்கொண்டது: மின்விசிறி இறக்கை, ஜன்னல் கம்பி, புத்தக அலமாரி, சோபாவின் இடுக்கு, இலவம்பஞ்சு மெத்தை. பின்பக்கத்து வாயில் குழாயை மாற்றிப் பொருத்தினால் காற்றை ஊதவும் செய்யும். பல வீடுகளில் பண்டிகைக்கு முன் மட்டும் இறங்கி வந்து, ஆயுத பூஜையில் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு மறுபடி மேலே ஏறியது. ஆகவே சேகரிப்பவர் இங்கே முதலில் பார்க்க வேண்டியது உடம்பின் பளபளப்பை அல்ல, முனைகளை. விரிப்புக்கான அகல முனை புதுசாகவே இருந்து, இடுக்கு முனையும் சின்ன பிரஷும் தேய்ந்திருந்தால், அந்த வீட்டில் இயந்திரம் என்ன செய்தது என்பது அங்கேயே எழுதியிருக்கிறது.

அமெரிக்காவில் இதற்கென்றே 1983 முதல் ஒரு சேகரிப்பாளர் சங்கம் இருக்கிறது. மிசூரி மாநிலத்தின் செயின்ட் ஜேம்ஸ் ஊரில் ஓர் அருங்காட்சியகமும் உண்டு. லுரெல் கில்ட் 1937இல் வடிவமைத்த எலக்ட்ரோலக்ஸ் முப்பதாம் மாடலையும், தான் வெளிவிடும் காற்றின் மேலேயே மிதந்து வரும் 1950களின் ஹூவர் கான்ஸ்டலேஷனையும் அங்கத்திய சேகரிப்பாளர்கள் தேடிப் போகிறார்கள். பூட்டி வைப்பதோடு நிற்காமல் ஓட்டி ஒப்பிடுகிறார்கள் என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது.

ஒப்பிடுவதில் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. வாட்ஸ் கூடினால் உறிஞ்சும் பலமும் கூடும் என்று கடைக்காரர்கள் சொல்லிச் சொல்லியே நம்பவைத்துவிட்டார்கள். வாட்ஸ் என்பது மோட்டார் இழுக்கும் மின்சாரம். முனையில் கிடைக்கும் காற்றோட்டம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் 1600 வாட்ஸ், 2017இல் 900 வாட்ஸ் என்று உச்சவரம்பு வைத்தது. நன்றாக வடிவமைத்த இயந்திரங்கள் அதற்குள்ளேயே வேலையை முடிக்கின்றன. அங்கே ஒட்டப்பட்ட மின்சிக்கன முத்திரையை எதிர்த்து டைசன் நிறுவனம் வழக்குப் போட்டது. பை காலியாக இருக்கும்போது மட்டும் சோதிப்பது, பயன்படுத்தும் நிலைமைக்கு நெருக்கமானது அல்ல என்று 2018 நவம்பரில் அந்த விதியை நீதிமன்றம் ரத்து செய்தது. துணிப் பை வைத்த பழைய உருளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். பையின் நெசவுத் துளைகள் தூசியால் அடைபட அடைபட உறிஞ்சல் இறங்கிக்கொண்டே போகும். அளந்த மணலையும் அரிசி மாவையும் ஒரு மெத்தையில் தூவி, பை காலியாக ஒரு தடவை, பாதி நிறைந்தபின் ஒரு தடவை உறிஞ்சி, சேர்ந்ததைத் தராசில் நிறுத்தால் நேர்மையான ஒப்பீடு கிடைத்துவிடும்.

அதற்கு இயந்திரம் ஓட வேண்டும். இந்த விஷயத்தில் சென்னைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். வேக்குவம் கிளீனருக்குள் இருப்பதும் மிக்ஸிக்குள் இருப்பதும் ஒரே வகை யுனிவர்சல் மோட்டார். கார்பன் பிரஷ் மாற்றவும் ஆர்மேச்சருக்குக் காயில் கட்டவும் தெரிந்த மிக்ஸி மெக்கானிக் இல்லாத பேட்டை இங்கே கிடையாது. அமெரிக்காவிலிருந்து உறவுக்காரர்கள் கொண்டுவந்த 120 வோல்ட் இயந்திரத்தை நேராகச் செருகினால் மோட்டார் புகைந்துவிடும். போதிய திறனுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். உலோக உடம்பு என்றால், எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் சுவிட்சைத் தொடவே கூடாது. அடையாறு, பெசன்ட் நகர் வீடுகளில் கடல் காற்று திருகாணிகளைத் துருவேற்றியிருக்கும். ரப்பர் வளையம் இறுகிப்போயிருந்தால் பக்கவாட்டில் காற்றுக் கசிந்து, நல்ல மோட்டாரும் பலவீனமாகத் தெரியும். இவற்றைச் சரிசெய்யும் முன் ஒப்பிட்டால் அது வடிவமைப்பைப் பற்றி எதுவும் சொல்லாது.

முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீடு காக்கப்பட்டிருக்கிறது. தரமணியின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய நூல்களோடு துண்டுத்தாள்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் கிடைத்த மரியாதை, அவற்றுக்குப் பின் வந்த மின்சாதனங்களுக்கும் கிடைத்தாக வேண்டும். வீட்டுவேலையை யார் செய்தார்கள், எது அதைக் குறைத்தது, எது குறைப்பதாகச் சொல்லி வெறுமனே விற்கப்பட்டது என்பதெல்லாம் இவற்றில்தான் பதிந்திருக்கிறது. கோட்டூர்புரத்தில் இருக்கும் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம், ஆண்டுக்கு ஒரு நாள் மக்களைத் தங்கள் பழைய இயந்திரங்களோடு வரச் சொல்லி, மேலே சொன்ன சோதனையை மாணவர்கள் கையால் செய்ய வைக்கலாம். பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை.

2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின் பட்டியலில் வேக்குவம் கிளீனரும் இருக்கிறது. பழுதுபார்க்கவே முடியாததை முறையாக மறுசுழற்சிக்கு அனுப்புவது சரியே. ஆனால் ஓடக்கூடிய உருளை ஒன்று காயலான் கடையில் செம்புக் கம்பிக்காக உடைபடுவது வீண். போகிக்கு லாஃப்டை ஒழிக்கிற வீடுகள் குழாய், முனைகள், துணிப் பை, வாரண்டி கார்டு, தவணை ரசீது எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, வாங்கிய வருஷத்தையும் அதை ஓட்டியவர் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைக்கட்டும்.