உறுதி எங்கே எண்டு கேட்கிறவைக்கு

2025 மார்ச் 28ஆம் திகதி வெளிவந்த வர்த்தமானியை எங்கட ஊர்களில் எத்தனை பேர் வாசிச்சிருப்பினம்? வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருபவர்கள் மூன்று மாதங்களுக்குள் வரவேண்டும், வராவிட்டால் அது அரச காணி என்றது அந்த அறிவித்தல். அதில் பெரும்பங்கு யாழ்ப்பாண மாவட்டத்துக் காணி. கையில் எடுத்த சட்டமோ 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம்.

"உறுதி இருந்தால் காட்டுங்கோவன், என்ன பிரச்சினை?" எண்டு சிலர் கேட்கினம். 1995இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனம் எத்தினை தரம் இடம் மாறினது? வடமராட்சி கிழக்கில் போர் விட்டுவைத்ததைக் கடல் கொண்டுபோனது. பல உறுதிகளில் இன்னும் அப்பப்பாவின் பெயர்தான், பிள்ளைகள் கனடாவில்.

காணி உரித்தைத் தெளிவாக்கத்தான் இந்த ஏற்பாடு என்றது அரசாங்கம். சரி, நம்புவோம். அப்படியெண்டால், ஆள் வராத காணி ஏன் அரசுக்குப் போகவேணும்?

இங்கேதான் அரசியலமைப்பு வருகிறது. எங்கட அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சொத்துரிமை இல்லை. போதாததற்கு, அந்த உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் பழைய சட்டங்கள் செல்லும் என்கிறது உறுப்புரை 16. ஆகவே 1931ஆம் ஆண்டுச் சட்டத்தை நேரே வீழ்த்த வழியில்லை. ஆனால் அதை அதிகாரிகள் நடைமுறைப்படுத்துகிற விதத்தைக் கேள்வி கேட்கலாம். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது உறுப்புரை 12(1). எல்லாம் இழந்தவரிடமும் ஒன்றும் இழக்காதவரிடமும் ஒரே கடதாசியை ஒரே தவணையில் கேட்பது சமத்துவமா? இல்லை என்பதே எங்கள் நிலைப்பாடு.

சுமந்திரன் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில், 2025 ஜூன் 27ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. மகிழ்ச்சிதான். ஆனால் இப்படியொரு மனுவை மல்லாகத்திலோ பருத்தித்துறையிலோ போட ஏலாது. கொழும்புக்குத்தான் போகவேணும், அதுவும் உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள். அறிவித்தல் வந்ததே தெரியாத ஒரு மீனவக் குடும்பத்துக்கு இது எப்படிச் சாத்தியம்?

எனவே நாங்கள் கேட்பது இவைதான்: அறிவித்தல் கிராமங்களுக்கு நேரே வரட்டும், உறுதி தொலைந்த இடத்தில் அயலவரின் சாட்சியமும் கோயில், பள்ளிக்கூடப் பதிவுகளும் ஏற்கப்படட்டும், ஆள் வரவில்லை என்பதற்காக மட்டும் காணி அரசுக்குப் போகக்கூடாது, புதிய அரசியலமைப்பு எழுதினால் உறுப்புரை 16 அதில் இருக்கக்கூடாது.

அதுவரைக்கும் இந்தக் கிழமை வீட்டுக்குப் போகும்போது அம்மம்மாவிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ: எங்கட காணி உறுதி எங்கே இருக்கு? யாருடைய பெயரில் இருக்கு? இல்லையெண்டால், எந்த வருசம், எங்கே தொலைந்தது? அவர் சொல்லுறதை எழுதி வையுங்கோ. நாளைக்கு அதுவும் ஒரு சாட்சியம்.