புகை எந்தப் பக்கம் போகணும்?

ஒரு காரின் பெயருக்குள்ளேயே சைலன்சர் ஒளிந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? 1964-ல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் '4-4-2' என்று ஒரு காரை இறக்கியது. முதல் 4, நான்கு வாய் கொண்ட கார்புரேட்டர். அடுத்த 4, நான்கு கியர். கடைசி 2, இரட்டைச் சைலன்சர் குழாய். புகை போகும் பாதையைப் பெயரிலேயே சொல்லி விற்கும் அளவுக்கு அந்தக் காலத்து அமெரிக்க இளைஞர்களுக்கு அதன்மேல் மோகம்!

அதே 1964-ல் வந்ததுதான் பான்டியாக் ஜி.டி.ஓ. 'மஸில் கார்' என்ற வகையையே தொடங்கிவைத்த வண்டி என்று இதைத்தான் பலரும் சொல்வார்கள். நடுத்தர அளவு உடம்பு, அதற்குள் 6.4 லிட்டர் வி-8 இன்ஜின். நம் தெருக்களில் ஓடும் சின்ன கார்களின் இன்ஜின் ஒரு லிட்டர், ஒன்றே கால் லிட்டர்தான். கணக்கு போட்டுப் பாருங்கள்.

இன்று அந்த வண்டிகளுக்கு அறுபது வயது ஆகிறது. அப்பா ஓட்டியதை மகன் பழுது பார்க்கிறார், தாத்தாவின் வண்டி பேத்தி கைக்கு வருகிறது. அடியில் இருக்கும் குழாய் துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். புதுசு போடப் போனால் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி: "குழாயின் வாய் எந்தப் பக்கம் வரணும்?"

அழகு சம்பந்தப்பட்ட கேள்வி போலத்தான் தெரியும். ஆனால், பின்சீட்டில் உட்காரும் குழந்தையின் மூச்சும் இந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது.

நாலு வழி

முதல் வழி, நேராகப் பின்னால். குழாய் பின் அச்சின் மேலே ஏறி இறங்கி, பெட்ரோல் டேங்கைத் தாண்டி, பம்பருக்குக் கீழே எட்டிப் பார்க்கும். ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. ஒரு படி மேலே போனது. 1965-ல் வந்த ஜி.டி.யில் பின்பக்கத் தகட்டில் ஓட்டை வைத்து, ஊதுகுழல் போன்ற இரண்டு வாய்களை வெளியே நீட்டினார்கள். 1970 ஓல்ட்ஸ்மொபைல் 4-4-2-விலும் பின் பம்பரிலேயே வளைவு வெட்டிக் குழாய்க்கு இடம் கொடுத்தார்கள். பார்க்க அத்தனை எடுப்பு!

இரண்டாவது, பின்சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில். ஜி.டி.ஓ.வுக்குக் கூடுதல் பணம் கட்டினால், ஒவ்வொரு பக்கமும் இரண்டாகப் பிரியும் பளபள வாய் இந்த இடத்தில் கிடைத்தது. அடக்கமான தோற்றம். பின்பக்கத்தில் எதையும் வெட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது, பின்சக்கரத்துக்கு முன்னாலேயே பக்கவாட்டில் திறப்பது. பந்தய வண்டியின் லட்சணம். 1965 ஷெல்பி ஜி.டி.350 இப்படித்தான் வந்தது. அடுத்த ஆண்டே அதன் குழாயைப் பின்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். 1970-ல் டாட்ஜ் சேலஞ்சர் டி/ஏ, பிளைமவுத் ஏ.ஏ.ஆர். குடா என இரண்டு வண்டிகள் மறுபடி இதைக் கையில் எடுத்தன. அவற்றில் ஒரு வேடிக்கை. புகை முதலில் பின்னால் இருக்கும் சைலன்சர் வரை போகும். அங்கிருந்து குழாய் திரும்பி முன்னால் வந்து, பின்சக்கரத்துக்கு முன்பாக வாய் திறக்கும். கொஞ்சம் சுற்று வழிதான். ஆனால், அந்தத் தோற்றத்துக்காகவே இன்றும் ஆசைப்படுகிறார்கள்.

நாலாவது, வண்டிக்கு அடியிலேயே முடித்துவிடுவது. பின் அச்சுக்கு முன்னால் குழாயைத் தரையைப் பார்த்து வளைத்து விட்டுவிடுவார்கள். செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். அச்சின் மேல் குழாயை ஏற்றி இறக்குவதுதான் முழு வேலையிலும் கஷ்டமான பகுதி என்பதால், ஒர்க்‌ஷாப்பிலும் சில நேரம் இதையே சிபாரிசு செய்வதுண்டு. யோசிக்க வேண்டியதும் இந்த இடத்தில்தான்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

பெட்ரோல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இது பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தூக்கம். 'வெயில்ல சுத்தினதுல தலைவலி' என்று நினைத்துக்கொண்டே மயங்கிப்போகிறவர்கள் உண்டு.

புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் அமெரிக்கக் கார்களில் பரவலாக வந்தது 1975 மாடல்களில்தான். மஸில் கார்கள் எல்லாம் அதற்கு முந்தியவை. அதாவது, இன்ஜினிலிருந்து வரும் புகை அப்படியே வெளியே வரும்.

அறுபது வயது வண்டியில் தரைத் தகடு துருப்பிடித்துச் சின்னச் சின்ன ஓட்டை விழுந்திருக்கும். டிக்கி மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். அடியிலேயே புகையை விட்டால், சிக்னலில் நிற்கும் இரண்டு நிமிடத்தில் அது தரை வழியாக உள்ளே ஏறும். அதனால்தான் குழாய் வாய் பயணிகள் உட்காரும் பகுதியைத் தாண்டி இருக்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் வற்புறுத்துகிறார்கள்.

சரி, பின்னால் விட்டால் கவலை இல்லையா? முழுக்க அப்படியும் இல்லை. வண்டி வேகமாகப் போகும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து ஒரு சுழல் உண்டாகும். புகை அதில் சிக்கிக்கொள்ளும். கண்ணாடியைப் பாதி இறக்கி ஓட்டினால், டிக்கி இடுக்கு வழியாக அதை வண்டியே உள்ளே இழுக்கும். குழாய் வாய் பம்பருக்கு உள்ளேயே நின்றுவிட்டால் இன்னும் மோசம், பெயின்டும் கறுத்துப்போகும். பம்பரின் விளிம்பைக் கொஞ்சம் தாண்டியிருக்க வேண்டும். டிக்கி ரப்பரையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பக்கவாட்டுக் குழாயில் வேறு தொல்லை. இறங்கி நிற்பவரின் கால் பக்கமே சூடான இரும்பு. அரை டிராயர் போட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை மறக்கக் கூடாது.

சத்தத்துக்கும் ஒரு கணக்கு

இந்த வண்டிகளின் உயிரே அந்த 'கடகட' உறுமல்தான். வாய் எங்கே இருக்கிறதோ, சத்தமும் அங்கேதான் பிறக்கும். சக்கரத்துக்கு முன்னால் வைத்தால் ஓட்டுபவரின் காதுக்குக் கீழேயே உறுமும். தெருவைச் சுற்றிவரும்போது சுகம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நாலு மணி நேரம் போனால் மண்டைக்குள் வண்டு குடைவது போல இருக்கும். பின்னால் தள்ளிவைத்தால் அதே உறுமல் தெருவுக்குக் கேட்கும், உள்ளே பேச முடியும்.

சத்தத்தின் குணத்தை மாற்ற வாயை நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு குழாய்களையும் நடுவில் ஒரு குறுக்குக் குழாயால் இணைத்தால் கனமான, அடித்தொண்டை உறுமல் வரும். எக்ஸ் வடிவில் இணைத்தால் சத்தம் வழவழப்பாகி, சுருதி கொஞ்சம் ஏறும்.

சட்டமும் சும்மா இருக்காது. கலிஃபோர்னியாவில் காரின் சைலன்சர் சத்தத்துக்கு 95 டெசிபல் எல்லை. பழைய வண்டி என்று போலீஸ்காரர் கண்டுகொள்ளாமல் விடுவார் என நம்ப முடியாது.

பான்டியாக் நிறுவனமே இந்த ஆசையில் கை வைத்துச் சுட்டுக்கொண்டது. 1970 ஜி.டி.ஓ.வில் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழ். இழுத்தால் சைலன்சருக்குள் அடைப்பு திறந்து வண்டி கர்ஜிக்கும். அந்த ஆண்டு சூப்பர் பவுல் கால்பந்துப் போட்டியின் நடுவே டி.வி.யில் விளம்பரமும் வந்தது. தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் மேலிடம் அதைப் பார்த்துக் கடுப்பாகி, அந்த வசதியையே நிறுத்தச் சொல்லிவிட்டது.

வெட்டுவதற்கு முன்

வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே, அசல் இன்ஜினோடு இருக்கிறதா? அப்படியானால் கேள்வியே வேண்டாம். கம்பெனி எங்கே வைத்ததோ அங்கேயே வையுங்கள். பின் தகட்டில் ஒருமுறை ஓட்டை போட்டுவிட்டால் பழைய அசல்தன்மை திரும்பாது, விலையும் இறங்கும்.

ஏற்கெனவே மாற்றங்கள் கண்ட வண்டி, அதில் குடும்பமும் ஏறும் என்றால், முதல் இரண்டு வழிகளில் ஒன்று. தனியாளாகப் பந்தயத் தடத்துக்கு மட்டும் ஓட்டுபவர் மூன்றாவதை யோசிக்கலாம். நாலாவது, பணத்தை மிச்சம் பிடித்துத் தலைவலியை வாங்குகிற வேலை.

மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் மட்டும் கேட்டுக்கொண்டால் போதும். ஒன்று, வண்டியை லிஃப்டில் தூக்கும்போது பின் அச்சு தொங்கும். அந்த நிலையில் இடைவெளி தாராளமாகத் தெரியும். சக்கரம் தரையில் பதிந்து, பின்சீட்டில் ஆள் ஏறியபின் அதே குழாய் அச்சில் இடிக்கலாம். அதனால் எடை தாங்கிய நிலையில் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு, எடுத்த எடுப்பிலேயே முழு வெல்டிங் வேண்டாம். புள்ளி புள்ளியாக மட்டும் பற்றவைத்து, டயர், பிரேக் குழாய், பெட்ரோல் டேங்க் எதையும் தொடவில்லை என்று பார்த்தபின் முடிக்கட்டும்.

வேலை முடிந்ததும், பேட்டரியில் ஓடும் சின்ன கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் பின்சீட்டில் வைத்து, கண்ணாடியை மூடி ஒருமுறை, பாதி இறக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அது கத்தினால் பிள்ளைகளை ஏற்றவே கூடாது; கத்தவில்லை என்பதை மட்டும் வைத்துப் புகையே இல்லை என்று முடிவுகட்டவும் வேண்டாம்.